அடிபிடித்த அண்டா

ஆற்றங்கரை மடத்தில் அன்று குருபூஜை. விடிந்ததுமே நையாண்டி மேளம் தொடங்கிவிட்டது. சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டு வந்து பந்தலில் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. மேளத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டது சபாபதியின் நெஞ்சு.

சபாபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, மடத்துக்குச் சீடராக வந்தவர். அவருடைய குரு வடிவாம்பிகை அம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஊர் கேலி பேசிப் பார்த்தது. சபாபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் பந்தி பாதியில் நின்று, வந்த சனத்தில் பாதி பசியோடு திரும்பிப் போனது. சமையல்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள்.

"இந்த வருஷம் சமையல்கட்டை என்கிட்ட விடுங்க அம்மா. ஒருத்தர்கூட வெறும் வயித்தோட போகமாட்டாங்க" என்று சபை நடுவே சபாபதி வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது இனிக்கத்தான் செய்தது. குருபூஜை நெருங்க நெருங்கத் தூக்கம் போனது.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆலையில் பழகிய கை அல்லவா? ஆளுக்கொரு வேலை, அந்த வேலையே ஆளுக்குப் பேர் என்று வைத்துவிட்டார். "ஏ சாம்பார்!" என்றால் குப்புலிங்கம் திரும்ப வேண்டும். "ஏ ரசம்!" என்றால் பேச்சியம்மாள். "அப்பளம்!" என்றால் சுடலைமுத்து. குழப்பத்துக்கு இடமே இல்லை பாருங்கள்.

குழப்பம் வரவில்லை. தீய்ந்த வாடைதான் வந்தது.

சபாபதி விழுந்தடித்து ஓடினார். குப்புலிங்கம் கையில் சாம்பார் கிண்டும் துடுப்போடு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் அண்டா புகைந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் பக்கத்து அடுப்பில் பேச்சியம்மாள்.

"கண்ணு முன்னால கருகுது! ஒரு கிண்டு கிண்டக் கூடாதா?"

"நான் ரசம்லா அய்யா" என்றாள் பேச்சியம்மாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் போட்ட சட்டத்தைத்தான் சொன்னாள்.

சபாபதி குப்புலிங்கத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். குப்புலிங்கம் கருகிய அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வேறு அண்டாவில் புதிதாகப் பருப்பை வேகப் போட்டார்.

சபாபதிக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்:

"இன்னைக்கு யாரு மத்தவங்களுக்கு அதிகமா உதவுறாங்களோ, அவங்களுக்குச் சபையில பொன்னாடை!"

அவ்வளவுதான். ரச அடுப்பை ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே கரண்டியை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

"விடுவே, நான்தான் முதல்ல உதவ வந்தேன்!"

பொரியலுக்கு ஆள் மாற்றி ஆள் உப்புப் போட்டார்கள். யாரோ உதவப் போய்ப் பூசணிக்காய் ஒன்று வாசல் வரை உருண்டது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை வேலையிலும் ஒரு கண்ணைச் சபாபதி மேலும் வைத்திருந்தார்கள். குப்புலிங்கம் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அடிபிடித்த அண்டாவைத் தேய்த்தால் யார் கண்ணில் படப்போகிறது?

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சபாபதி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, இவங்களுக்கு உதவுற புத்தியை எப்படி ஊட்டுறது? திட்டிப் பார்த்துட்டேன். ஆசை காட்டிப் பார்த்துட்டேன். சனம் உட்கார ஆரம்பிச்சிடுச்சு!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு நடந்தார். இன்றைக்கு எல்லோருக்கும் இருக்கிறது என்று சபாபதி உள்ளுக்குள் குதூகலித்தபடி பின்னாலேயே போனார்.

அம்மா யாரையும் அதட்டவில்லை. நேரே குப்புலிங்கத்தின் அருகில் போய், கரி படிந்த தரையில் உட்கார்ந்தார்.

"குப்புலிங்கம் அண்ணாச்சி, என்ன ஆச்சு? முகமே சரியில்லையே."

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா எழுந்திருக்கவில்லை. கரண்டிக்குச் சண்டை போட்டவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குப்புலிங்கம் துடுப்பைப் பிடித்தபடியே சொன்னார்.

"மக ஆஸ்பத்திரியில கெடக்காம்மா. விடியக்காலம் வலி எடுத்துச்சு. தலைச்சன் பிரசவம். இன்னும் ஒரு தகவலும் இல்ல. கை துடுப்புல இருக்கு, மனசு அங்க கெடக்கு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலியேம்மா."

அம்மா வாயைத் திறக்கும் முன்பே பேச்சியம்மாள் பாய்ந்து வந்தாள்.

"பக்கத்துலயே நிக்கேன், சொல்ல வாயில்லையா ஒமக்கு? கொண்டாரும் அந்தத் துடுப்ப! ஏ செல்லத்தாயி, என் ரசத்தப் பாத்துக்கோ!"

"வண்டி வாசல்லதான் நிக்கி. வாங்க அண்ணாச்சி!" என்று சுடலைமுத்து குப்புலிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அப்பளச் சட்டியைத் தண்ணீர் சுமக்கிறவர் எடுத்துக்கொண்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் இருவர் தேங்காய் நாரோடு அடிபிடித்த அண்டாவுக்குள் தலையை விட்டார்கள். பொன்னாடையை எல்லோரும் மறந்தே போனார்கள். சபாபதி பக்கம் ஒரு கண்ணும் திரும்பவில்லை.

சாம்பார் கொதித்தது. மணம் பந்தல் வரைக்கும் போனது. முதல் இலைகளில் சோறு விழுந்த நேரத்தில் பேச்சியம்மாளின் போன் அடித்தது. சுடலைமுத்து போட்ட கூச்சல் எல்லோருக்குமே கேட்டது.

"பொம்பளப் புள்ள! தாயும் புள்ளையும் நல்லாருக்காவ!"

சமையல்கட்டில் கிளம்பியது பாருங்கள் ஒரு குலவை! மறுபடியும் தீபாராதனை காட்டுகிறார்களாக்கும் என்று நினைத்து மேளக்காரர்கள் உச்சத்தில் பிடித்துக்கொண்டார்கள். விஷயம் தெரியாமலே பந்தியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முதல் பந்தி எழுந்தது, இரண்டாவது உட்கார்ந்தது, எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை.

சபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டே அம்மாவைத் தேடி ஓடினார்.

"அம்மா! நீங்க ஒருத்தருக்கும் வேலை சொல்லல, பரிசு சொல்லல. எல்லாரும் பம்பரமா சுத்துறாங்களே! என்ன மந்திரம் போட்டீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க!"

அம்மா வாளியைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். உங்க கை ஏன் அய்யா இப்படி நடுங்குது?"

சபாபதி வாளியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆலையில் தலை நரைக்கும் வரை எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார், எத்தனையோ பேர் அவரை விரட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"பயமா இருக்கும்மா" என்றார். "போன வருஷம் மாதிரி ஆயிடுமோன்னு. ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல."

அந்த வழியாகப் போன பேச்சியம்மாள் நின்றாள். அம்மா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"இங்க கொண்டாங்க அய்யா. நீங்க செத்த நேரம் உக்காருங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டு அவள் பந்தியை நோக்கி ஓடினாள்.

சபாபதி தன் வெறுங்கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு மந்திரத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.