எதிர்வீட்டைப் பார்த்து நின்ற வண்டி

"ஏனுங் அம்மிணி, என் வண்டி கெளம்பவே மாட்டேங்குது" என்றேன்.

கலாமணி தன் பஸ்ஸின் அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன.

அந்தியூர் ஆடித் திருவிழா. அவள் ராட்டினம் போடுகிறவள். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போவாள். பிறந்தது, வளர்ந்தது, குடித்தனம் நடத்துவது எல்லாம் அந்தப் பழைய பஸ்ஸுக்குள்தான். வண்டியில் குடியிருப்பதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அவளிடம் போ என்றார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் போனேன்.

"என்ன வண்டிங்கய்யா?" என்றாள், அடியில் இருந்தபடியே.

"டெம்போ டிராவலர். உள்ள வீடாட்டம் பண்ணியிருக்கறேன். படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம்."

"கேரவனு."

"அப்படித்தான் சொல்றாங்க."

"எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கறீங்க?"

"வித்தவன் வீட்டுல இருந்து எங்க வீடு வரைக்கும்."

அவள் வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னாள். கல் வெயிலில் கொதித்தது. அவள் எச்சரிக்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"சாயங்காலம் வண்டிக்குள்ள உக்காருவீங்களா?"

"தினமும்."

"ஃபேன் ஓடுமா?"

"ஓடும்."

"லைட்டு?"

"எரியும்."

"இஞ்சினு?"

"அது எதுக்கு?"

அவள் எழுந்து ஒரு குடத்தையும் டம்ளரையும் கொண்டுவந்தாள். டம்ளரில் தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றினாள். மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள். டம்ளர் குடத்தின் அடியில் இடிக்கிற வரை நிறுத்தவில்லை.

பிறகு காலிக் குடத்தை என் காலடியில் கவிழ்த்து வைத்தாள்.

"வண்டிக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி வேணுங்கய்யா. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டாதீங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ரோட்டுல எடுத்துட்டுப் போங்க. நின்ன எடத்துலயே உறும விட்டா பத்தாது."

"எங்க போறது?"

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?"

ராட்டினத்தில் ஏறக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது பேட்டரி வைத்தேன். ரோட்டில் மட்டும் எடுக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டு வையாபுரியும் நானும் போர்வெல் லாரியில் இருந்தவர்கள். திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒருவர் ரிக் என்கிற துளை போடும் வண்டியில் போன காலம் அது. முன்னால் ரிக் போகும். பின்னால் ஒரு லாரியில் குழாய்கள், டீசல், அரிசி மூட்டை, நாங்கள்.

அந்தப் பின்லாரிதான் எங்கள் வீடு. டிரைவர் முதுகுக்குப் பின்னால் தகரம் அடித்த ஓர் அறை. அதில் இரண்டு பலகைகள். கீழ்ப்பலகை எனக்கு, மேல்பலகை அவனுக்கு.

காலையில் கதவைத் திறந்தால் ஒரு நாள் பருத்திக் காடு இருக்கும். ஒரு நாள் ஆரஞ்சுத் தோப்பு இருக்கும். பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில் பல் விளக்குவோம்.

தண்ணீர் பீறிட்டு அடித்தால் அந்த ஊர்ப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடி வருவார்கள். நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். குங்குமமும் சேறும் சேர்ந்து மூக்கு வழியாக வழியும். ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரிப்போம்.

சமையல் வையாபுரி. கொள்ளு ரசம் வைப்பான். இன்னும் அந்த வாசனை... பழனியம்மாள் காதில் விழக் கூடாது. அவள் என் மனைவி.

பிறகு அந்த ரிக்கும் லாரியும் எங்கள் இருவருக்குமே சொந்தமாயின. ஊரில் எதிரெதிரே வீடு கட்டினோம். மஞ்சள் காமாலையில் நான் படுத்திருந்தபோது அவன் பின்லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

என்னைக் கேட்கவில்லை.

"ஓடாத வண்டிடா. வெச்சு என்ன பண்றது?" என்றான். எனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டான். நான் கேட்டது அதையல்ல.

அன்றோடு பேச்சு நின்றது. தலை நரைத்து, பல் போய், பேரன் பேத்தி எடுத்தும் நின்றது நின்றதுதான்.

பழனியம்மாளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். லாரியில் நான் போன ஊரெல்லாம் அவளுக்குக் காட்டுவதாக. கல்யாணமான புதிதில் சொன்னது. நான் ஊர் சுற்றினேன், அவள் வீட்டில் இருந்தாள். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. "ரொம்ப நாள் தாங்காது, போற எடத்துக்கெல்லாம் இப்பவே போயிட்டு வந்துருங்க" என்று டாக்டர் சொன்னார்.

கேரவன் வாங்க அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

வாங்கி வந்து வையாபுரி வாசலுக்கு நேரே நிறுத்தினேன். தெரு குறுகல். வண்டி உயரம். காலை வெயில் அவன் வீட்டுக்குள் நுழையாது. அவன் கதவைத் திறந்தால் என் வண்டிதான் தெரிய வேண்டும்.

சாயங்காலம் வண்டிக்குள் ஜன்னலோரம் உட்காருவேன். அவன் என் வண்டியைப் பார்க்கிறானா என்று பார்ப்பேன். அதுதான் வேலை.

ஐப்பசியில் மறுபடி கலாமணியிடம் போனேன். மழைக் காலத்தில் திருவிழா இருக்காது. பவானியில் ஆற்றோரத் தென்னந்தோப்பில் பஸ்ஸை நிறுத்தியிருந்தாள்.

"வண்டிக்குள்ள ஒரே நாத்தம்" என்றேன்.

"எப்ப வாங்கினீங்க?"

"சித்திரையில."

"பளபளன்னு இருந்திருக்குமே."

"கண்ணைப் பறிச்சுது."

அவள் என்னை பஸ்ஸுக்குள் உட்கார வைத்தாள். ஒரு வாளித் தண்ணீரோடு ஏணியில் ஏறினாள். தலைக்கு மேலே சோவென்று ஊற்றுகிற சத்தம் கேட்டது. இன்னொரு வாளி. இன்னொன்று. நான் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

நனைந்துபோய் உள்ளே வந்து, கூரையை விரல் முட்டியால் தட்டினாள். டக் டக் என்றது.

"உங்க வண்டியில இப்படித் தட்டிப் பாருங்க. எங்க சத்தம் அமுங்குதோ அங்க பலகை ஊறிப்போச்சு. கேரவனை மழை நாள்ல போய் வாங்கணுங்கய்யா. வெயில்ல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"வாங்கறதுக்கு மொதல்ல நீங்க வரலீங்களே."

வண்டியை விற்றவன் தாராபுரத்துக்காரன். அவன் பெயரையும் மனதில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து தட்டிப் பார்த்தேன். கேரவன் படுக்கையின் மேல்பலகைக்கு நேர் மேலே சத்தம் அமுங்கியது. தச்சரைக் கூப்பிட்டு ஊறின கூரைப் பலகையை மாற்றினேன். கூரை மேல் இருந்த இணைப்புகளையெல்லாம் அடைத்தேன். நாற்றம் போனது.

வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

வைகாசித் தேருக்குக் கலாமணி திருச்செங்கோட்டில் ராட்டினம் போட வந்தாள். நானே போய், "நேர்ல வந்து பாருங்க. ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு குத்தமாச் சொன்னா நான் எப்பத்தான் போறது?" என்று சண்டை போட்டுக் கூட்டி வந்தேன்.

பழனியம்மாள் அவளுக்கு மோர் கொடுத்தாள். கலாமணி நின்றபடியே குடித்துவிட்டு, டயர் பக்கத்தில் குந்தினாள்.

"டயர் பட்டன் தேயாம அப்படியே புதுசா இருக்குது பாருங்க" என்றேன்.

அவள் டயரின் பக்கவாட்டில் நகத்தை வைத்தாள். வெடிப்புக்குள் நகம் பாதி இறங்கியது.

"இது ஓடித் தேயலீங்க. நின்னே வெடிச்சிருக்குது."

உள்ளே ஏறினாள். அடுப்பைப் பார்த்தாள். கேஸ் குழாயை வளைத்துப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், அது இருமிவிட்டுத் துருவைத் துப்பியது. பிறகு படுக்கைகளுக்கு முன்னால் நின்றாள்.

பலகை அளவெல்லாம் நானே தச்சரிடம் சொல்லிச் செய்தது. பழைய லாரியில் இருந்த அதே உயரம். அதே அகலம். தலைமாட்டில் சட்டை மாட்ட அதே இடத்தில் ஆணி. அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"கீழ ஆரு படுக்கறது?"

"நான்தான்."

"மேல?"

"மேல..." என்றேன்.

"அம்மாவுக்கு முழங்கால் முடியாதுன்னீங்க. அவங்க எப்படி மேல ஏறுவாங்க?"

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். அதை ஏன் அடித்தேன் என்று யோசித்தேன். தச்சர்கூட அப்போது கேட்டார், "ஒரே கட்டிலா அகலமாப் போட்டர்லாங்களா?" என்று. கூடவே கூடாது என்று அவரிடம் சண்டை போட்டது நான்தான்.

வெளியில் இருந்து பழனியம்மாள் சொன்னாள்: "எதிர்வீட்டுக்காரருக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்குது கண்ணு. அவரு ஏறிக்குவாரு."

கலாமணி சிரிக்கவில்லை. நான் தினமும் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வையாபுரியின் கதவு. வையாபுரியின் செருப்பு. வையாபுரியின் துணி காய்கிற கயிறு.

பிறகு வெளியே நின்ற பழனியம்மாளைப் பார்த்தாள்.

"நீங்க ஒருநாளும் உள்ள வந்து உக்கார மாட்டீங்களாம்மா?" என்றாள்.

"எதுக்கு கண்ணு ஏறி எறங்கணும்? அந்த ஜன்னல்ல தெரியறதெல்லாம் எங்க வாசப்படியில நின்னாலே தெரியுதே."

எனக்குக் காது சுட்டது.

கலாமணி இறங்கினாள். "எடுங்கய்யா வண்டிய" என்றாள்.

"எங்க?"

"எடுங்க."

சாவியைத் திருப்பினேன். கட், கட் என்றது. அவ்வளவுதான். ஓட்டாமல் வைத்திருந்ததில் இஞ்சின் பேட்டரியும் செத்திருந்தது.

"தள்ளித்தான் எடுக்கோணும்" என்று சொல்லி அவள் பழனியம்மாளின் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்க முன்சீட்டுல ஏறுங்க."

"எடை கூடுமே கண்ணு?"

"கூடட்டும்."

பழனியம்மாள் கதவைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறினாள். செருப்புக்கூடப் போடவில்லை. முந்தானையில் மோர் சிந்திய ஈரம் காயவில்லை.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கலாமணி பின்னால் தள்ளினாள். வண்டி அசையவில்லை. சக்கரம் தரையில் பள்ளம் பறித்து இறங்கியிருந்தது.

எதிர்வாசலில் வையாபுரி பனியனோடு நின்று வேடிக்கை பார்த்தான்.

நான் கூப்பிடவில்லை. செத்தாலும் கூப்பிட மாட்டேன்.

"ஏனுங்கய்யா, ஒரு கை குடுக்கறீங்களா?" என்றாள் கலாமணி.

"எதுக்கு?"

"இந்த வண்டி இங்கிருந்து போறதுக்கு."

வையாபுரி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"போகுதா? நெஜமாவா? சாமி புண்ணியத்துல எங்க வீட்டுக்குள்ள வெயிலடிக்கப் போகுதா? தள்ளறேன் அம்மிணி. இந்த ஊரு எல்லை வரைக்கும் தள்ளறேன். டேய் நாச்சிமுத்து, கியர ரெண்டாவதுல போடு. கிளச்ச மிதிச்சுக்கோ. நான் சொல்றப்ப விடு. உனக்குத்தான் எதுவும் சொன்னாலொழியத் தெரியாதே!"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கால் தானாக கிளச்சை மிதித்தது.

பின்னால் வண்டியின் தகரத்தில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. பிறகு அந்தக் குரல்.

"ரைட்டு... ரைட்டு... போலாம் போலாம் போலாம்..."

அந்தக் குரலைக் கரிசல் காட்டுச் சேற்றில் கேட்டிருக்கிறேன். மலைப்பாதையில், ஆற்று மணலில், லாரி மாட்டிக்கொண்ட ஒவ்வோர் இடத்திலும் கேட்டிருக்கிறேன். அது கேட்டால் லாரி ஏறிவிடும். ஏறாமல் இருந்ததே இல்லை.

சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறியது.

"இப்ப விடுடா!"

விட்டேன். வண்டி ஒருமுறை குதித்தது. இருமியது. கறுப்பாகப் புகை கக்கிவிட்டு உறும ஆரம்பித்தது.

"அணைச்சுராதீங்க!" என்று கலாமணி கத்தினாள். "நேரா டயர் கடைக்குப் போங்க! அங்கயும் அணைக்காதீங்க! அதுக்கப்பறம் உங்க இஷ்டம்!"

பழனியம்மாள் தடுமாறிப் பிடிமானம் தேடினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, வீட்டுக் கதவு தெறந்தே கெடக்குதுங்க!"

"அந்தப் பொண்ணு சாத்திருவா."

"எங்கீங்க போறோம்?"

எனக்கே தெரியவில்லை. தெருமுனை வந்தது. ஒடித்துத் திருப்புவதற்கு முன்னால் நடுக்கண்ணாடியில் பார்த்தேன்.

பின்கண்ணாடி வழியே தெரு முழுவதும் தெரிந்தது. வையாபுரி நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். வெயில் அவன் மேலும் அவன் வாசல் மேலும் விழுந்திருந்தது. ஒரு கையைத் தூக்கினான். எனக்குக் கையாட்டுகிறானா, முகத்து வியர்வையைத் துடைக்கிறானா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கழுத்தை எக்கினேன்.

பழனியம்மாள் கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். அதைப் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

"ரோட்டப் பாருங்க" என்றாள்.