நலங்குக்கு முன் கேட்ட மருந்து

அடுப்பில் உலை கொதித்தால் தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஒரு வீட்டில் நடந்த சின்னச் சங்கடத்தைச் சொல்கிறேன். முடிச்சை அவிழ்ப்பது உங்கள் பொறுப்பு.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் செவந்தி என்று ஒருத்தி. பிள்ளை பெற்ற பிறகு அவள் முகமெல்லாம் பரு, மிளகைக் கொட்டிப் பரப்பியதுபோல. மகன் முகில் பால்குடி மறந்ததும் திண்டுக்கல்லுக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "அடுத்த பிள்ளைக்கு இப்ப யோசனை இருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே சீட்டில் ட்ரெட்டினாய்ன் என்ற க்ரீமை எழுதினார். ராத்திரி மட்டும், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் வாரத்துக்கு இரண்டே நாள், பகலில் வெயிலுக்குத் தனிக் க்ரீம் என்று ஆயிரம் பத்தியம்.

முதல் மாதம் செவந்தியின் முகம் சிவந்து, அவித்த உருளைக்கிழங்கின் தோல்போல உரிந்தது. "என் பொண்டாட்டிய எங்க அனுப்பிவச்சே?" என்று அவள் புருஷன் ஒச்சப்பன் அவளிடமே விசாரித்தான். மூன்றாம் மாதம் முகம் தெளிந்துவிட்டது.

ஒச்சப்பனின் தங்கை தவமணி, மில் ஆபீஸில் வேலை பார்ப்பவள். அவள் கன்னத்திலும் பரு. "எனக்கு மட்டும் இந்த முகரைதானா மதினி?" என்று உதட்டைப் பிதுக்கினாள். செவந்திக்கு அன்றைக்கு மனசெல்லாம் பூரிப்பு. மகன் தலையில் கையை வைத்தாள். "என் பிள்ளை மேல சத்தியம்டி. உனக்கு நிச்சயம் ஆகட்டும், கல்யாணத்துக்குள்ள இதே மருந்தை உன் கையில குடுக்கிறேன்."

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஆறு மாசமாவது இருக்கும் என்பது அவள் கணக்கு. வந்த மாப்பிள்ளையோ பட்டாளத்துக்காரர், லீவு கொஞ்சம். நிச்சயமான இருபத்துநாலாம் நாள் முகூர்த்தம்! அதற்கு முந்தைய ஐந்து நாளும் நலங்கு. பங்காளி வீட்டுப் பெண்களெல்லாம் வந்து மஞ்சளும் பயத்தமாவும் குழைத்து, பாத்திரம் துலக்குவதுபோலக் கன்னத்தைத் தேய்ப்பார்கள். முகத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டால், பந்தலைப் பிரிக்கும்வரை அதே பேச்சாக இருக்கும்.

"மதினி, எங்க என் மருந்து?" என்று தவமணி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குக் காலையில தர்றேன், போடி" என்று சொல்லி அனுப்பினாள் செவந்தி. சொல்லிவிட்டாளே தவிர, உரிகிற முகத்தில் மஞ்சளைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று பயம்.

மாமியார் வெள்ளையம்மாவிடம் போனாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு தாயி? பேரன் தலையில கை வச்சுச் சொன்ன சொல்லு. குடுத்துரு. தோலு உரிஞ்சா பவுடரைப் போட்டு அமுக்கிக்கலாம். என் பேரனுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்குத் தாங்காது."

அடுத்து, தெருமுனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கா இந்த மூஞ்சி? இந்தா, ரெட்டினால் க்ரீம். உன் மருந்துக்குத் தங்கச்சி முறை. சீட்டெல்லாம் வேண்டாம், கடையிலயே விக்கலாம். தோலுக்குள்ள போயித்தான் மெதுவா மருந்தா மாறுமாம், அதனால அவ்வளவா உரியாது. உன்கிட்ட காலி டியூப் கிடக்குமே, கொண்டா. வாலைப் பிரிச்சு இதை உள்ள அடைச்சு மடிச்சுத் தர்றேன். அவளுக்கும் சந்தோசம், உன் சத்தியமும் தப்பிச்சிரும்."

"பலன் எப்ப தெரியும்க்கா?"

"மூணு நாலு மாசம் ஆகும். அப்ப அவ புருஷன் வீட்டுல இருப்பா. தடவிக்கிட்டே இருக்கட்டுமே, உன்னையக் கேக்கவா வரப்போறா?"

சொன்னபடியே அடைத்தும் கொடுத்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அசலுக்கும் அதற்கும் துளி வித்தியாசம் தெரியாது.

மறுநாள் காலை. செவந்தியின் மடியில் இரண்டு டியூப், ஒன்று அவள் பூசுகிற அசல், மற்றது ஜெசிந்தா அடைத்தது. அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்க்கிறாள், இடுப்பில் முகில். தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நின்று கையை நீட்டுகிறாள் தவமணி. "குடுங்க மதினி!"

கதையை இங்கே நிறுத்துகிறேன். மாமியார் சொன்னபடி அசல் மருந்தைக் கொடுப்பதா? ஜெசிந்தா அடைத்ததைக் கொடுப்பதா? சத்தியத்தை மீறி இரண்டையும் கொடுக்காமல் இருப்பதா? இதில் எது சரி, நீங்களே சொல்லுங்கள்.

விடை: இரண்டையும் கொடுக்காததே சரி, ஆனால் காரணத்தை மறைக்கக் கூடாது. அசல் மருந்து செவந்தியின் தோலைப் பார்த்து எழுதியது. தவமணி இன்றைக்குத் தொடங்கினால், முகம் உரிகிற நேரமும் மஞ்சள் தேய்க்கிற நேரமும் சரியாக ஒன்றுகூடும். கடைக் க்ரீம் கெட்டதல்ல, பொறுமையாக மாசக்கணக்கில் பூசுகிறவளுக்குப் பொருந்தும். ஆனால் பிள்ளை உண்டாகிற காலத்தில் இரண்டுமே ஆகாது. என்ன பூசுகிறோம் என்றே தெரியாமல் புருஷன் வீட்டுக்குப் போகிறவள் எதை, எப்போது நிறுத்துவாள்? செவந்தி இரண்டு டியூபையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தவமணி முறைத்தாள். பிறகு முகிலை வாங்கி அவன் தலையில் கை வைத்து, "சத்தியம் வாங்கினவ நானு, நானே விட்டுட்டேன். போதுமாம்மா?" என்று தாயைக் கேட்டாள். வெள்ளையம்மாவுக்கு மூச்சு வந்தது. ஐந்து நாள் நலங்கும் அமர்க்களமாக நடந்தது. தவமணி மஞ்சள் பூத்த கன்னத்தில் இரண்டு பருவோடு மணமேடை ஏறினாள். பக்கத்தில் பட்டாளத்து மாப்பிள்ளை, தன் மூக்குமேல் இருந்த மூன்றைக் கர்ச்சீப்பால் மறைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.