சுருட்டை முறித்த கடலை

அரிசி ஆலை முதலாளி வைரவன் ஒரு நாளைக்குப் பத்துச் சுருட்டுப் பிடிப்பவர். கொட்டை வகைகளைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையலாம் என்று பேப்பரில் படித்ததும், சமையல்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"சுருட்டோட கெடுதலை முறிக்கிற கொட்டை ஒண்ணு நாளைக்குக் காலையில வேணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

"அப்படி ஒரு கொட்டை உலகத்துலயே கிடையாதுங்க" என்று அவர் மனைவி சொன்னது காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை செங்கமலம் ஒரு கூடை வேர்க்கடலையைத் தோலோடு கொண்டுவந்து வைத்தாள்.

"இதுதாங்க ஐயா. சுருட்டுக்குக் கை போறப்பல்லாம் ஒண்ணு உரிச்சு, மாவாகிற வரைக்கும் மெல்லணும். நடுவுல புகை பட்டா பலிக்காது."

முதலாளி உரித்தார், மென்றார். கை மறுபடியும் சுருட்டுக்குப் போனது, மறுபடியும் உரித்தார். சாயங்காலம் மடி நிறையக் கடலைத் தோல்.

"எங்கே, முறிச்சுதா?" என்று அதட்டினார்.

செங்கமலம் அன்றைய சுருட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். "எண்ணிப் பாருங்க ஐயா. பத்தும் அப்படியே இருக்கு."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்கு உப்புப் போட்டு வறு" என்றார்.