படிக்கு ஒரு முழம்

அந்தக் காலத்தில் பூனை வாயைத் திறந்தால் மியாவ் வராது, பேச்சுத்தான் வரும். அப்போது இலங்கைத் தீவை மூன்று பூனைகள் பங்கு பிரித்துக்கொண்டன. மீன் பிடிக்கும் கொடுப்புலி, "நனைஞ்சால் எனக்கென்ன?" என்று கடலோரக் களப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் புள்ளிப்பூனை காட்டை எடுத்துக்கொண்டது. மூன்றாமவள் சாம்பலி சோம்பேறி. நிழலும் சோறும் இருக்கிற இடம் தேடி, மன்னார்க் கரையில் பொன்னாத்தையின் குடிசைக்குள் நுழைந்துவிட்டாள்.

பொன்னாத்தை சும்மா சோறு போடுகிறவளா? "கருவாடு காயுற பாயை நீதான் காக்கவேணும். பாயில இறங்குற பறவை கள்ளன், பிடி. வாசற்படியில இறங்குறது விருந்தாளி, தொடாதே" என்றாள்.

காரணம் உண்டு. கடலுக்குப் போன ஆண்களின் சேதியை அந்நாளில் வெள்ளை ஆலாப் பறவைகள்தான் கொண்டுவரும். படியில் வந்திருந்து, வீட்டுக்காரியிடம் மட்டுமே சொல்லும்.

ஓர் ஆடியில் பெருங்காற்று அடித்தது. பொன்னாத்தையின் புருஷன் நாகமணி திரும்பவில்லை. நாலு நாளாய் அவள் கண் கடலை விட்டு அகலவில்லை.

"ஆலா வரும் அக்கா" என்றாள் சாம்பலி.

"உன்ர வாய்க்குச் சர்க்கரை போடவேணும்."

"கருவாடு போட்டால் போதும்."

ஐந்தாம் நாள் மத்தியானம், பொன்னாத்தை கிணற்றடிக்குப் போயிருந்த நேரம், ஆலா வந்தது. காற்றோடு மல்லுக்கட்டி இறகெல்லாம் பிய்ந்திருந்தது. படிக்கு ஒரு முழம் இருக்கையில் சிறகு ஓய்ந்து, பாயின் ஓரத்தில் விழுந்தது. சாம்பலி பறவையின் முகத்தைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தாள். பாய்ந்து கழுத்தைக் கவ்விவிட்டாள்.

"நாகமணி... உயிரோட... திட்டில..."

எந்தத் திட்டு என்று சொல்ல மூச்சு இருக்கவில்லை.

வேலிக்கு அப்பால் இழுத்துப்போய்ப் புதைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சாம்பலி ஒருதரம் மண்ணைப் பிராண்டியும் பார்த்தாள். பிறகு ஆலாவை மெல்லத் தூக்கி, அது வந்துசேர முடியாத அந்த ஒரு முழத்தைத் தான் நடந்து, படியில் வைத்தாள்.

குடத்தோடு வந்த பொன்னாத்தை அப்படியே நின்றாள்.

"எங்கயடி விழுந்தது?"

"பாயில அக்கா."

"என்ன சொன்னது?"

சொன்னாள்.

ஊர் வள்ளங்கள் எல்லாம் கடலில் இறங்கின. அந்தக் கடலில் மணல்திட்டுகள் ஒன்றா, இரண்டா? ஒவ்வொன்றாய்த் தேடி, தேடத் தொடங்கிய ஆறாம் நாள் கடைசித் திட்டில் ஏறியபோது, நட்டு வைத்த துடுப்பில் நாகமணியின் சால்வை படபடத்தது. ஆள் இல்லை. கடல் ஏறி இறங்கிய ஈரம் மட்டும் இருந்தது.

பொன்னாத்தை சாம்பலியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சாம்பலிக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"அவர் எங்கயோ நிக்கிறார். இன்னொரு பறவையை அனுப்புவார்" என்றாள். "இனி எங்க பிடிச்சாலும், எதைப் பிடிச்சாலும், வாயில போடாமல் முதல்ல என்ர படியில வை. ஏலுமெண்டால் உயிரோட வை. நான் அதின்ர முகத்தைப் பாக்கவேணும்."

"சரி அக்கா."

பூனை பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கொடுப்புலியும் புள்ளிப்பூனையும் பிடித்த இடத்திலேயே தின்றுவிடும். அவை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் வீட்டுப் பூனைதான். அன்று முதல்தான் அது தான் பிடித்த குருவியைத் தின்னாமல் வாசற்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுவா என்று கேட்பதுபோல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.