தேட வேண்டாம் என்ற கடிதம்

மேலப்பாளையத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜெய்னம்பு, மாதம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் கட்டுவார். சின்னப் பத்திரிகை ஒன்றில் அது வரும். நேரான கேள்வி ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு குறிப்பும் ஒன்றைச் சொல்வதுபோல் காட்டி வேறொன்றைச் சொல்லும். போதாததற்கு, விடைகளை எல்லாம் கோக்கிற நூல் ஒன்று கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதையும் பிடித்தால்தான் புதிர் முடிந்ததாக அர்த்தம்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் வேலாயுதப் பெருமாள். பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ஜெய்னம்புக்கு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை என்றாலும், வேலாயுதத்துக்கு அவர் டீச்சர்தான்.

இரண்டு வருடமாக வியாழன் தவறாமல் வந்தார். ஒரு மாதத்துப் புதிரில், விடைகளுக்குள் இருந்த ஆறுகளின் பெயர்களை நீக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கட்டத்தில் எழுத வேண்டும். அப்படி ஒரு விதி இருப்பதையே சொல்லாமல் விட்டிருந்தார் டீச்சர். வேலாயுதம் பத்தொன்பது நாள் சோறு தண்ணி சரியாக இல்லாமல் அதோடு மல்லுக்கட்டினார். முடித்து எடுத்து வந்தார்.

டீச்சர் கட்டத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு அண்ணாச்சி."

"இதைவிடக் கஷ்டமா ஒண்ணு தாங்க."

"இதைவிடக் கஷ்டமா எனக்குக் கட்டத் தெரியாது."

வேலாயுதம் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு நோட்டுத் தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது.

"அப்ப இதைப் பாருங்க. இதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அது அவருடைய ஒரே மகள் பிரமநாயகி எழுதியது. நாலு வருடத்துக்கு முன்னால் அதை எழுதி வைத்துவிட்டுப் போனவள். தாயில்லாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் புதிரை அப்பாவும் மகளுமாகத்தான் போடுவார்கள். 'தலையில்லாத குதிரை கடலில் ஓடும்' என்ற குறிப்புக்கு, குதிரையில் முதல் எழுத்தை வெட்டி 'திரை', அதாவது அலை என்று அவள் சொன்னபோது வயது ஒன்பது. அப்படிப்பட்டவள் கடிதத்தில் எதையும் ஒளிக்காமலா போயிருப்பாள்? வேலாயுதம் ஊர் ஊராகத் தேடவில்லை. அந்தத் தாளுக்குள்ளேயே தேடினார்.

"மொத்தம் பதினாலு சொல்லு டீச்சர். பேரைச் சேர்த்தா பதினஞ்சு. முதல் எழுத்தா எடுத்துப் பார்த்தேன். கடைசி எழுத்தா எடுத்துப் பார்த்தேன். 'இரண்டு'ன்னு ஒரு சொல் வருது. ரெண்டாவது எழுத்தை எடுன்னு சொல்லுதாளோன்னு அதையும் பார்த்தேன். ஊர் பேரு ஒண்ணும் வரல. எனக்குத்தான் திறமை பத்தலைன்னு உங்ககிட்ட வந்தேன்."

டீச்சர் தாளை வாங்கினார். பேனாவை எடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வந்த தபாலை வாசித்துக் காட்டுவதுபோல் நிதானமாக வாசித்தார்.

"அப்பா, நான் போகிறேன். அந்த வீட்டுக்கு இல்லை. என்னைத் தேட வேண்டாம். இரண்டு நாள் சாப்பாடு போட்டதற்கு நன்றி. பிரமநாயகி."

நாலு வருடத்தில் அதை யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. வேலாயுதம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன ரெண்டு நாள் அண்ணாச்சி?"



"கட்டிக்கொடுத்த வீட்டிலருந்து ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நின்னா. நாலு பேரு என்ன பேசுவான்னு எனக்குப் பயம். 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போ, மூணாம் நாள் நானே கொண்டு விடுதேன்'னு சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னா. மூணாம் நாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா இந்தத் தாளுதான் கிடந்துது."

"வந்தப்ப எப்படி இருந்தா?"

வேலாயுதம் தம் இடது முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

"கையில மாவுக்கட்டு போட்டிருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னா."

"நீங்க?"

"பார்த்து நடக்கக் கூடாதான்னு கேட்டேன்."

சொல்லி முடித்தவர் மறுபடியும் கடிதத்துக்கே வந்தார். அவருடைய விரல் வரிகளின் மேல் ஓடியது.

"நீங்க எவ்வளவு பெரிய ஆளு டீச்சர். ஒரு வாரம் வேணும்னாலும் வச்சுப் பாருங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்கா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

டீச்சர் தாளை அதன் மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். அவர் கையைப் பிடித்து அதில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னா பாருங்க, அது ஒண்ணுதான் அவ உங்களுக்குப் போட்ட புதிர். இது வெறும் கடுதாசி."