நனைந்த வரி அமைச்சர்

நெடுங்கரை நாட்டில் ஒரு நல்ல சட்டம் இருந்தது. முதுமைக்கென்று ஒதுக்கிவைக்கும் நெல்லுக்கு வரி கிடையாது. நல்ல சட்டத்தைச் சும்மா விட்டுவைப்பது அமைச்சர்களுக்கு வழக்கமில்லை. வரி அமைச்சர் திருவேகம்பர் அதற்கு ஒரு வால் ஒட்டினார்: அரண்மனையின் முதியோர் கஞ்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

அவருக்குக் குடை பிடிக்கும் காத்தமுத்துவின் நெல்லுக்கும் வரி கேட்டார்கள். அவன் மறுநாள் காலையிலேயே அமைச்சரிடம் ஓடினான்.

"சாமி, அறுபது வயதுவரை வேலை பார்த்தால்தான் அந்தக் கஞ்சி. குடை பிடிக்கிறவனுக்கு நாற்பதிலேயே தோள் போய்விடும். அந்த நெல்லை விட்டால் எனக்கு வேறு கதியில்லை."

"திட்டத்தில் நீ இருக்கிறாயா, இல்லையா?"

"இருக்கிறேன் சாமி."

"அப்புறம் என்ன? பொழுது சாய்வதற்குள் வரியைக் கட்டு."

அன்று பிற்பகல் அரசர் ஏரியைப் பார்க்கப் போனார். அமைச்சரும் உடன் போனார். கரையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அரசரின் குடை விரிந்தது. காத்தமுத்து மட்டும் குடையை மடக்கியபடியே நின்றான்.

"என்னடா வேடிக்கை? விரியடா."

"தங்களுக்கு எதற்குச் சாமி? அரண்மனையில் அவ்வளவு பெரிய கூரை இருக்கிறது. அதன்கீழ் நிற்கத் தங்களுக்கு உரிமையும் இருக்கிறது."

"கூரை அங்கே இருக்கிறது. நான் இங்கே நனைகிறேன்."

"காலையில் நானும் அதைத்தான் சொன்னேன் சாமி."

என்ன சங்கதி என்று அரசர் விசாரித்தார். கேட்டுச் சிரித்தவர், கஞ்சி உறுதியாகும்வரை யாருடைய நெல்லுக்கும் வரி வேண்டாம் என்றார்.

காத்தமுத்து உடனே குடையை விரித்தான். அதற்குள் மழை நின்றிருந்தது.