அக்கரைப் பன்றியின் மீசை

ஆற்றின் இக்கரைக் காட்டில் தும்பை என்றொரு முயல் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அங்கே பௌர்ணமிதோறும் மைனாக்கள் கூத்து நடத்தும். எந்தக் கதையானாலும் வில்லன் அக்கரைக் காட்டுப்பன்றிதான். மீசையை முறுக்குவான், மூன்று முறை "ஹஹ்ஹஹ்ஹா!" என்று சிரிப்பான், பிறகு யாரையாவது விழுங்குவான். கூட்டம் அலறிக்கொண்டே கைதட்டும்.

அந்தக் கோடையில் இக்கரைக் குளம் வற்றியது. ஆறும் வெறும் மணலானது. அக்கரையில் மட்டும் ஓர் ஊற்று இருந்தது. தும்பையின் குட்டிகள் தாகத்தில் சுருண்டு கிடந்தன.

"நான் அக்கரைக்குப் போறேன்" என்றது தும்பை.

"அடி பாவி! அந்தப் பன்றி உன்னை முழுங்கிடும்டி!" என்று பதறியது அணில் வரிச்சி.

"நீங்க பன்றியைப் பாத்திருக்கீங்களாக்கா?"

"பாக்காம? கூத்துல எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

தும்பைக்கும் பயம்தான். ஆனாலும் ஒரு யோசனை வந்தது. அக்கரைக்காரர்கள் வழக்கப்படியே நடந்துகொண்டால் தன்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைப்பார்கள் அல்லவா? கரியால் பெரிய மீசை வரைந்துகொண்டு மணலைக் கடந்தது.

ஊற்றருகே நிஜமாகவே ஒரு பன்றி நின்றது. பெயர் கோரையன்.  தும்பை கரிமீசையை முறுக்குவதுபோல் காட்டி, "ஹஹ்ஹஹ்ஹா!" என்று மூன்று முறை சிரித்தது.

கோரையன் திடுக்கிட்டான். மறுகணம் மண்ணில் புரண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ராகம் போட்டு அழ ஆரம்பித்தான்!

"ஐயோ, ஏங்க அழறீங்க?"

"உங்க ஊர்ல இதானே வணக்கம்? எங்க கிளிகள் போடுற கூத்துல உங்க கரை முயல் ஒப்பாரி வெச்சுக்கிட்டேதான் வரும். அப்படிப் பாடியே மயக்கிட்டு, எங்க கிழங்கையெல்லாம் சுருட்டிட்டுப் போயிடும். முந்திக்கிட்டு நானே அழுதா நீ என்னை விட்டுடுவேன்னு பாத்தேன். அது சரி, நீ ஏன் அப்படிப் பேய் மாதிரி சிரிச்சே?"

"உங்க ஊர்ல இப்படித்தானே சிரிப்பீங்க? மீசைகூட வெச்சிருப்பீங்களே!"

"மீசையா? எனக்கா?" கோரையன் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இம்முறை யாருக்கும் கணக்கு வைத்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

"குட்டிங்களைக் கூட்டிட்டு வா தாயி. ஊத்துல தண்ணி நிறையக் கிடக்கு" என்றான் கோரையன்.

தும்பை ஓடிப்போய் அழைத்து வந்தது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. நிமிர்ந்ததும் கடைக்குட்டி கேட்டது: "மாமா, நீங்க எங்களைக் கடிக்க மாட்டீங்களா?"

"கிழங்கா இருந்தா கடிப்பேன். நீ கிழங்கா?"

"இல்லை மாமா!"

"அப்போ இன்னும் கொஞ்சம் குடி!"

அயல்நாட்டைக் கூத்தில் பார்த்துவிட்டு அதுவே மெய்யென்று நம்புகிறவர், அங்கே கிடைக்கும் தண்ணீரையும் இழப்பார், உறவையும் இழப்பார்.